சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கீழக்கரை, பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் என்று நம் கரையோரத்தில் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. கோடை விடுமுறை நெருங்கினால் அங்கே இருக்கும் மகனோ மாப்பிள்ளையோ வீட்டாரை வரச் சொல்வார். விசா வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் இடம் செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஏழு பகுதிகளையும் எப்படிச் சுற்றுவது, வீட்டில் யாரை எங்கே அழைத்துப் போவது, எதை யோசிக்காமல் விட்டுவிடலாம் என்பதுதான் இதில் முக்கியம்.

அது ஸ்டுடியோவா, பூங்காவா? போனால் படப்பிடிப்பு பார்க்கலாமா?

பூங்காதான். அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவது நாம் மட்டும்தான். ஆனால் ஸ்டுடியோ என்ற பெயருக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கார்ல் லெம்லி என்பவர் 1915-ல் யுனிவர்சல் சிட்டி என்ற படப்பிடிப்பு நகரத்தைத் திறந்தார். 25 சென்ட் வாங்கிக்கொண்டு பொதுமக்களையும் உள்ளே விட்டார். அது ஊமைப்படக் காலம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டலாம், வில்லனைத் திட்டலாம், படத்தில் எதுவும் பதிவாகாது. பேசும் படம் வந்ததும் அந்தச் சத்தமே தொந்தரவாகி, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 1964-ல் வண்டியில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஏற்பாடாக அது மறுபடி தொடங்கியது. இப்போது உலகத்தில் சில ஊர்களில் இருக்கும் யுனிவர்சல் பூங்காக்கள் அதிலிருந்து வளர்ந்தவை. சிங்கப்பூரில் இருப்பது 2010 மார்ச்சில் மக்களுக்குத் திறந்தது. ஆசியாவில் ஜப்பானின் ஒசாகாவுக்கு அடுத்து இரண்டாவது.

ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கே போய்விட்டு வரலாமே, எதற்கு இவ்வளவு செலவு?

நியாயமான கேள்வி. பாஸ்போர்ட் இல்லாத வீடு என்றால் நான் ராமோஜியைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. 1996-ல் தொடங்கிய ராமோஜியில் நிஜமாகவே படம் எடுக்கிறார்கள். 1,666 ஏக்கர் என்று கின்னஸில் ஏறிய இடம் அது. பேருந்தில் ஏற்றி, ரயில் நிலையம் மாதிரி ஒன்று, விமான நிலையம் மாதிரி ஒன்று என்று செட்டு செட்டாகக் காட்டிக்கொண்டு போவார்கள். சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையா, ராமோஜி போங்கள். எடுத்த சினிமாவுக்குள் புகுந்து திரிய ஆசையா, அதற்கு சிங்கப்பூர். பரப்பு சுமார் 20 ஹெக்டேர்தான், 50 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. முழுவதையும் காலாலேயே சுற்றிவிடலாம். வயதானவர்களோடு போகும் நமக்கு அது பெரிய வசதி.

உள்ளே எத்தனை பகுதிகள்? எந்தப் பக்கமாகச் சுற்றினால் நல்லது?

நடுவில் ஒரு ஏரி. அதைச் சுற்றி ஏழு பகுதிகள். வாசலைத் தாண்டியதும் ஹாலிவுட். அங்கிருந்து வலப்பக்கம் நடந்தால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்ட் என்று வரிசையாகக் கடந்து மறுபடி ஹாலிவுட்டுக்கே வந்துவிடுவீர்கள். வழி தவறவே முடியாது. யாராவது தொலைந்தாலும் ஏரியைச் சுற்றி நடந்தால் எதிரில் வந்து சேர்வார்கள்.

காலையில் கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க வலப்பக்கம் சை-ஃபை சிட்டிக்கு ஓடும். பெரிய ரைடுகள் அங்கேதான். நம் ஆட்கள் செய்யும் தவறு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை பத்துப் பேரும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவது. இளவட்டங்கள் மட்டும் ஓடட்டும். பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இடப்பக்கம் திரும்பி மினியன் லேண்டில் தொடங்கி, ஃபார் ஃபார் அவே வழியாக மெதுவாக வரட்டும். இரண்டு கூட்டமும் லாஸ்ட் வேர்ல்டில் சந்தித்தால் சரி. அங்கே நடக்கும் வாட்டர்வேர்ல்டு சாகசக் காட்சிக்குக் குறித்த நேரம் உண்டு. உள்ளே போனதுமே நேரத்தைப் பார்த்து, அதையே சந்திக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் அதை ஒட்டியே முடிந்துவிடும்.

மதியத்துக்கு மேல் குடும்பமாக இன்னொரு சுற்று வாருங்கள். ரைடு எதுவும் ஏறாமல், நடந்து மட்டும். என்னைக் கேட்டால் அந்தச் சுற்றுதான் கொடுத்த காசுக்குச் சரியானது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நின்று கவனித்தால் தரை மாறும், விளக்குக் கம்பம் மாறும், எங்கிருந்தோ கேட்கும் பின்னணி இசை மாறும், வேலை செய்பவர்களின் உடுப்பு மாறும். பாறை என்று தட்டிப் பார்த்தால் சிமெண்ட். நூறு வருடத்துக் கறை என்று நினைப்பது தூரிகையால் தீட்டியது. கட்டடங்களின் மேல்மாடிகளை அளவு குறைத்துக் கட்டி, கீழே நிற்பவருக்கு உயரமாகக் காட்டுவது இந்த மாதிரி இடங்களில் பழைய உத்தி. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகள் அன்று முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஹாலிவுட் பகுதியில் என்ன இருக்கிறது?

அகலமான ஒரு தெரு, இரண்டு பக்கமும் கடைகள், ஒரு நாடக அரங்கம், தரையில் நட்சத்திரங்கள். தலைக்கு மேலே பெரிய கூரை போட்டிருப்பதால் மழையிலும் நனையாமல் நிற்கலாம். காலையில் இங்கே நிற்காதீர்கள். மற்ற பகுதிகளில் வரிசை நீண்டுகொண்டிருக்கும். போட்டோ, கடை எல்லாம் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் இந்தத் தெரு வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுபது வயது. நியூயார்க் பகுதியில் புயல் காட்டுவார்கள் என்றார்களே, கூட்டிப் போகலாமா?

அது ரைடு இல்லை. சினிமாவில் புயலையும் தீயையும் வெள்ளத்தையும் எப்படி உண்டாக்குகிறார்கள் என்று காட்டும் ஒரு காட்சி. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் திரையில் வந்து அறிமுகம் சொல்வார். அடுத்த அறையில் நியூயார்க் துறைமுகத்துப் படகுக் கொட்டகை மாதிரி ஒரு செட். நாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்க, எதிரே காற்று அடிக்கும், தண்ணீர் புகும், தீ பிடிக்கும், எல்லாம் சரிந்து விழும். சில நிமிடங்கள்தான். உடம்புக்கு ஆட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கு அந்தக் காட்சி நடக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பத்தா தங்கச்சிமடம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்தவர் என்றால் ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனபோது அவர் சின்னப் பிள்ளை. அந்த ராத்திரியை நினைவில் வைத்திருப்பவர்கள் தீவில் இன்னும் இருக்கிறார்கள். இருட்டில் காற்றுச் சத்தமும் தண்ணீரும் பாய்வதைப் பிள்ளைகள் கைதட்டிப் பார்ப்பார்கள், அவருக்கு அப்படி இருக்காது. "இப்படி ஒன்று இருக்கு அப்பத்தா, வர்றீங்களா?" என்று முதலிலேயே விவரம் சொல்லிக் கேளுங்கள். சிலர் சிரித்துக்கொண்டே வருவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வெளியே நியூயார்க் தெருவில் உட்கார இடம் உண்டு, வேடிக்கைக்கும் குறைவில்லை.

மகன் ரோலர் கோஸ்டர் ரோலர் கோஸ்டர் என்று உயிரை எடுக்கிறான். எது, எங்கே?

சை-ஃபை சிட்டியில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்று ஒன்றையொன்று துரத்தும் இரட்டைத் தடங்கள். உயரம் 42.5 மீட்டர். சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் புரட்டும். முதல் முறை என்றால் சிவப்பில் ஏறச் சொல்லுங்கள். பெயர் ஒரு டிவி தொடருடையது, சினிமாவுடையது இல்லை. கதை தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அங்கே ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதே பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடும் இருக்கிறது. உலகத்தில் முதன்முதலாக இது சிங்கப்பூரில்தான் 2011 டிசம்பரில் திறந்தது, அமெரிக்காவுக்கே பிறகுதான் போனது. வண்டி ஆடும், முப்பரிமாணத் திரை வரும், நாம் சண்டையின் நடுவில் இருப்பது போலத் தோன்றும். உயரத்துக்குப் பயப்படுபவர்களும் இதில் ஏறலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் யோசியுங்கள்.

பிள்ளையின் உயரம் போதாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

நிச்சயம் அனுப்புவார்கள். அழுதாலும் கெஞ்சினாலும் விட மாட்டார்கள், அதுதான் சரியும் கூட. பேட்டில்ஸ்டாருக்கு 125 செ.மீ., மம்மி ரைடுக்கு 122, ஜுராசிக் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. 122 என்பது நம் கணக்கில் நாலடி. கிளம்புவதற்கு முன் வீட்டுச் சுவரில் பென்சிலால் இந்தக் கோடுகளைப் போட்டுப் பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள். எதில் ஏற முடியாது என்பது ஊரிலேயே தெரிந்துவிட்டால் அங்கே போய் அழுகை இருக்காது. அண்ணன் ஏறித் தம்பி ஏற முடியாத வீடுதான் அதிகம். அப்படி என்றால் அந்த நேரத்தில் தம்பியை எங்கே கூட்டிப் போவது, யார் கூட்டிப் போவது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எகிப்து பகுதி பயமாக இருக்குமா?

வெளியே பயம் இல்லை, அழகு. நரித்தலை கொண்ட ராட்சதச் சிலைகள், சித்திர எழுத்துகள் செதுக்கிய சுவர்கள், 1930-களில் புதையல் தேடி வந்தவர்கள் விட்டுப்போனது போன்ற மரப்பெட்டிகள். ஏழு பகுதிகளில் செட் வேலைப்பாட்டுக்காக ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன். வெயில் சாயும் நேரத்தில் நன்றாக இருக்கும்.

உள்ளே இருக்கும் மம்மி ரைடு வேறு. கும்மிருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர். எங்கே திரும்பும் என்று தெரியாது, பின்னோக்கியும் இழுத்துக்கொண்டு போகும். பேட்டில்ஸ்டாரில் சிரித்துக்கொண்டே இறங்கிய சிலர் இதில் வெளிறிப் போய் வருவதுண்டு. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு உயரம் சரியாக இருந்தாலும் வேண்டாம். சின்னவர்களுக்கு அங்கேயே பழைய ஜீப்பில் உட்கார்ந்து மெல்ல ஊர்ந்து போகும் ஒரு ரைடு இருக்கிறது. தாத்தாவும் ஏறலாம்.

லாஸ்ட் வேர்ல்டில் தெப்பலாக நனைந்துவிடுவோம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. லாஸ்ட் வேர்ல்டில் இரண்டு பாதி. ஒரு பாதி ஜுராசிக் பார்க், மறு பாதி வாட்டர்வேர்ல்டு. ஜுராசிக் பாதியில் வட்டமான படகில் உட்கார வைத்து ஆற்றில் சுற்றி விடுவார்கள். இரண்டு பக்கமும் டைனோசர்கள் எட்டிப் பார்க்கும். கடைசியில் இருட்டறைக்குள் படகோடு மேலே தூக்கி, சட்டென்று கீழே விடும். யார் நனைவார் என்பது படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. அங்கே விற்கும் பிளாஸ்டிக் மழைச்சட்டை விலை அதிகம். நம் ஊர்க் கடையில் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். போன், பாஸ்போர்ட், பணம் எதையும் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ரைடுக்குப் பக்கத்தில் லாக்கர் இருக்கும். குறிப்பிட்ட நேரம்வரை இலவசம், தாண்டினால் காசு. பெரிய கோஸ்டர்களுக்கும் இதே விதிதான்.

வாட்டர்வேர்ல்டு உட்கார்ந்து பார்க்கும் காட்சி. 1995-ல் வந்த படத்தை வைத்துச் செய்தது. உலகமே கடலில் மூழ்கி, மிச்சமிருப்பவர்கள் துருப்பிடித்த இரும்பு மிதவையில் வாழ்கிறார்கள் என்பது கதை. ஜெட் ஸ்கீ பாயும், தீ எரியும், உயரத்திலிருந்து ஆள் குதிப்பார், கடைசியில் ஒரு விமானம் வந்து விழும். முன்வரிசைகளில் உட்கார்ந்தால் நனைவீர்கள் என்று எழுதியே வைத்திருப்பார்கள். காட்சி தொடங்குமுன்னே வாளியில் தண்ணீர் இறைத்து விளையாட்டுக் காட்டுவதும் உண்டு. படகு ஓட்டத் தெரிந்தவர்கள் இதை நம்மைவிட அதிகமாக ரசிப்பார்கள். அந்தச் சின்னக் குளத்துக்குள் ஜெட் ஸ்கீயை அவ்வளவு வேகத்தில் வளைத்துத் திருப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். என் கணக்கில், பூங்காவில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள். ஐந்து வயது முதல் எழுபது வயது வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து வாய் பிளக்கக்கூடியது அங்கே வேறு இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு எது நல்லது? மினியன் லேண்ட் புதிதா?

ஆமாம். முன்பு மடகாஸ்கர் என்ற பகுதி இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். மினியன் என்பவை கார்ட்டூன் படத்தில் வரும் மஞ்சள் நிறக் குட்டி உருவங்கள், அதனால் எங்கே பார்த்தாலும் மஞ்சள். பாட்டு, ராட்டினம், சுற்றும் வண்டி, ஒரு பெரிய திரை ரைடு. நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இங்கேயே பாதி நாள் போய்விடும். பெரியவர்களுக்கு அரை மணிக்கு மேல் தாங்காது, அது வேறு விஷயம். புதியது என்பதால் கூட்டமும் கூடுதல். காலையிலேயே இடப்பக்கம் திரும்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபார் ஃபார் அவே, ஷ்ரெக் படத்தின் ராஜ்ஜியம். கோட்டைக்கு உள்ளே நாற்பரிமாணப் படம் காட்டுவார்கள். நாற்காலி ஆடும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும். கால் ஓய்ந்த நேரத்தில் ஏசியில் உட்கார நல்ல இடம். பெரிய கோஸ்டருக்கு உயரம் போதாத பிள்ளைகளுக்கு இங்கே சின்னக் கோஸ்டர் உண்டு.

சாப்பாடு எப்படி? ஹலால் கிடைக்குமா? எங்கள் மாமியார் சைவம்.

இரண்டும் கிடைக்கும். சிங்கப்பூரில் ஹலால் சான்று கொடுப்பது முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம். அந்தச் சான்று கடையில் பார்வையாக மாட்டியிருக்கும். பூங்காவுக்குள் எல்லாக் கடைகளும் ஹலால் என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் போங்கள். எகிப்து பக்கம் இந்தியச் சாப்பாடு தேடுங்கள். சைவத்துக்குத் தேர்வு குறைவு. வெங்காயம் பூண்டு கூட ஆகாது என்பவர்கள் நகருக்குள் இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தையின் உணவுக்குத் தடை இல்லை. தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம், உள்ளே நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன. காக்காவுக்கென்று, அதாவது அண்ணனுக்கென்று, கீழக்கரையிலிருந்து கட்டிக்கொண்டு போன தோதல் இனிப்பை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தொழுகைக்கு என்ன செய்வது?

அங்கே லுஹர் மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கும். மஃரிப் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே வரும், பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாது. செந்தோசாவுக்குக் கடக்கும் ஹார்பர்ஃப்ரண்ட் பக்கம், தெலுக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளிவாசல் இருக்கிறது. நடுவில் வெளியே போய்த் திரும்ப நினைத்தால், மறுபடி உள்ளே வர என்ன விதி என்று வாசலில் கேட்டுவிட்டு வெளியேறுங்கள். பயணத் தொழுகையைச் சேர்த்துத் தொழுவது பற்றி ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆவும் வேண்டும், பூங்காவும் வேண்டும் என்றால் இரண்டிலும் அவசரமாகிவிடும்.

சேலை, புர்கா உடுத்தி ரைடில் ஏறலாமா?

மெதுவான ரைடுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வேகமானவற்றுக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவை ஊசி குத்தி உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் துணி எதுவும் கூடாது. கழன்று விழும் செருப்பைவிட வார் உள்ளதோ ஷூவோ நல்லது. நாள் முழுக்க நடக்க வேண்டியிருப்பதால் அது எப்படியும் தேவை. நனையும் ரைடில் ஏறுகிறவர்களுக்கு ஒரு மாற்று உடை வையுங்கள்.

மழை வந்தால்?

வரும். சிங்கப்பூரில் எந்த மாதமும் மழைக்கு விலக்கு இல்லை. டிசம்பர், ஜனவரியில் கூடுதல், நமக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். மழையைவிட இடிதான் சிக்கல். மின்னல் பக்கத்தில் இருந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டும் என்பதால், பேட்டில்ஸ்டார் போன்ற திறந்தவெளி ரைடுகளைக் காலையில் முடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, ஷ்ரெக் போன்ற கூரைக்குள் இருப்பவற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் வெயிலுக்குப் பழகிய உடம்புதான். ஆனால் அங்கே காற்று அசையாது, வேர்வை காயாது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா?

அது நீண்ட வரிசையைத் தாண்டிப் போகத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, சனி ஞாயிறு என்றால் இளவட்டங்களுக்கு மட்டும் வாங்குங்கள். பத்துப் பேருக்கும் வாங்குவது வீண், பெரியவர்கள் ஏறப்போவது இரண்டோ மூன்றோ ரைடுதான். சாதாரண செவ்வாய், புதன் என்றால் யாருக்கும் வேண்டாம். தனியாக ஏறத் தயங்காத பையன்களுக்கு ஒற்றை ஆள் வரிசை சில பெரிய ரைடுகளில் உண்டு, காலி இருக்கையில் செருகி அனுப்பிவிடுவார்கள். அதற்குக் காசு கிடையாது.

ஊரிலிருந்து கிளம்பிப் பூங்கா வாசல் வரை எப்படிப் போவது?

மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறலாம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டர் சுற்று. தொண்டிப் பக்கத்தவர்களுக்குக் காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி தோது. பறக்கும் நேரம் நான்கு மணி சுமார், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். ராத்திரி விமானத்தில் போய் இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகத் திட்டம் போடாதீர்கள். தூக்கமில்லாத பிள்ளையோடு வரிசையில் நிற்பது இரண்டு பேருக்கும் தண்டனை.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அதோடு, போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அங்கே லிட்டில் இந்தியாவில் தங்கினால் வேலை சுலபம். ஊதா நிற எம்.ஆர்.டி. ரயில் மாறாமல் ஹார்பர்ஃப்ரண்ட் வரை போகும். மேலே விவோசிட்டி கடைவளாகத்தின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ஏறினால், முதல் நிறுத்தமே பூங்கா இருக்கும் வளாகமான ரிசார்ட்ஸ் வேர்ல்ட். கட்டணம் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), போகும்போது கொடுத்தால் போதும். நடக்க முடிந்தவர்கள் கடல்மேல் போட்டிருக்கும் நடைபாதையில் காசில்லாமல் போகலாம்.

எதைக் கொண்டுபோகக் கூடாது?

சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட். மூன்றுக்கும் சிங்கப்பூரில் தடை. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சுருக்குப்பையை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிகரெட் ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் வரி கட்ட வேண்டும், இலவச அளவு கிடையாது.

டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கலாமா?

வாங்கலாம், அதுதான் நல்லது. தேதி போட்டே விற்கிறார்கள், நாளுக்கு நாள் விலை மாறும். நான்கு வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டின் போட்டோவைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் சொந்தத் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏஜெண்ட் சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள். அங்கேயே இருக்கும் சொந்தக்காரருக்கு உள்ளூர் சலுகை தெரிந்திருக்கலாம், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்றைக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம், பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடு எது என்பதும் அதே தளத்தில் இருக்கும். முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கொண்டால் போதும்.